நாற்பத்தைந்து நாட்கள்

அமெரிக்க அரசுக்கு அக்டோபர் 1ஆம் தேதி புத்தாண்டு பிறக்கிறது. வாணவேடிக்கை எல்லாம் கிடையாது. மறுநாள் காலை வேலைக்குப் போகலாமா வேண்டாமா என்று முந்தைய நாள் நள்ளிரவு வரை தெரியாமல் பல லட்சம் பேர் காத்திருப்பதுதான் அந்தப் புத்தாண்டின் கொண்டாட்டம். வாஷிங்டனை ஒட்டிய மேரிலாண்ட், வர்ஜீனியா ஊர்களில் செப்டம்பர் கடைசி வாரம் ஒரு தனிப் பருவம் மாதிரி. இலை நிறம் மாற ஆரம்பித்திருக்கும். பள்ளிப் பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் பெற்றோர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்கள்: "என்ன, சி.ஆர். வந்துருமா?"

சி.ஆர். என்றால் கன்டின்யூயிங் ரெசல்யூஷன். தற்காலிகச் செலவின மசோதா. அரசாங்கம் ஓட வருடத்துக்குப் பன்னிரண்டு ஒதுக்கீட்டு மசோதாக்கள் நிறைவேற வேண்டும். விவசாயத்துக்கு ஒன்று, பாதுகாப்புக்கு ஒன்று, போக்குவரத்துக்கு ஒன்று என்று. செப்டம்பர் 30க்குள் அவை வராவிட்டால், "சரி, போன வருஷம் எவ்வளவு செலவு பண்ணீங்களோ அதே கணக்குல இன்னும் கொஞ்ச நாள் ஓட்டுங்க" என்று சொல்லும் சட்டம்தான் சி.ஆர்.

நான் இங்கே ஓர் அறிவியல் துறையின் அலுவலகத்தில் தரவு வேலை பார்க்கிறேன். அரசு ஊழியன் இல்லை. ஓர் ஒப்பந்த நிறுவனத்தின் ஆள். அதனால் இந்த மசோதாக்களைப் பின்தொடர்வது எனக்கு அரசியல் ஆர்வத்தில் சேராது. கடலுக்குப் போகிறவன் காற்றைப் பார்ப்பது மாதிரிதான்.

நிதியாண்டு முன்பு ஜூலை 1இல் தொடங்கிக்கொண்டிருந்தது. வேலையை முடிக்க அவகாசம் போதவில்லை என்று 1974இல் ஒரு பட்ஜெட் சட்டம் கொண்டுவந்து அதை அக்டோபர் 1க்குத் தள்ளினார்கள். மாற்றம் நடந்த 1976இல் ஜூலை முதல் செப்டம்பர் வரையான மூன்று மாதம் எந்த நிதியாண்டிலும் சேராமல் அந்தரத்தில் நின்றது. 'இடைமாற்றக் காலாண்டு' என்று அதற்குத் தனியாகப் பணம் ஒதுக்கினார்கள். மூன்று மாதம் கூடுதலாகக் கிடைத்ததே, அதன் பிறகாவது வேலை நேரத்துக்கு முடிந்ததா? 1977, 1989, 1995, 1997 ஆகிய நான்கு நிதியாண்டுகளில் மட்டும்தான் எல்லா ஒதுக்கீட்டு மசோதாக்களும் குறித்த காலத்தில் முடிந்தன. மற்ற வருடங்களில் எல்லாம் சி.ஆர்.தான். விதிவிலக்குக்காக எழுதப்பட்ட ஒரு கருவி, நாளாக ஆக விதியாகிவிட்டது.

மசோதாவைப் படித்தால் முதலில் ஏமாற்றம்தான் வரும். பெரிய தொகைகள் எதுவும் கண்ணில் படாது. 'சென்ற ஆண்டின் இன்ன சட்டத்தில் சொன்ன வீதத்தில், தேவையான அளவு' என்ற தொனியில் ஒரே வாக்கியம் அரசாங்கத்தில் பாதியைத் தூக்கிச் சுமக்கும். அதன் பின்னால் தடைகள்: போன வருடம் இல்லாத புதுத் திட்டம் எதையும் ஆரம்பிக்கக் கூடாது. அதன் பின்னால் 'அனாமலி' என்று அழைக்கப்படும் விதிவிலக்குப் பட்டியல். பழைய வீதம் போதாத இடங்களை வெள்ளை மாளிகையின் பட்ஜெட் அலுவலகம் எழுதிக் கொடுக்கும். பேரம் பேசி சிலவற்றைச் சேர்ப்பார்கள். பேரிடர் நிதி, வெள்ளக் காப்பீட்டின் நீட்டிப்பு என்று. ஒரு சி.ஆரில் அந்த வருடத்து அரசியலைத் தேடுகிறவர்கள் இந்தப் பட்டியலைத்தான் படிக்க வேண்டும். யாருடைய கஷ்டம் 'விதிவிலக்கு' ஆகும் அளவுக்குச் செல்வாக்கு உள்ளது என்பது அங்கேதான் தெரியும்.

மன்னார்குடியில் இருக்கும் என் சித்தப்பா சார்நிலைக் கருவூலத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 2018 டிசம்பரில் அரசாங்கம் முடங்கியபோது போனில் கேட்டார்: "ஏன்டா, அவ்ளோ பெரிய கவர்மென்ட்டு, சம்பளம் போட முடியலையா? பணமா இல்ல?"

"பணம் இருக்கு சித்தப்பா. எடுக்க அனுமதி இல்ல."

"அலாட்மென்ட் வரலைங்கிற."

"அதேதான்."

"அப்ப பில்லைத் திருப்பி அனுப்ப வேண்டியதுதான். ஹெட்ல அலாட்மென்ட் இல்லாம நாங்களும் பாஸ் பண்ண மாட்டோம். ஆனா அதுக்காக ஆபீசையே பூட்டுவாங்களா?"

சரியான இடத்தில்தான் கேட்டார். சட்டம் வழியாக ஒதுக்கப்படாமல் கருவூலத்திலிருந்து பணம் எடுக்கக் கூடாது என்று அமெரிக்க அரசியல் சாசனம் முதல் பிரிவிலேயே சொல்லிவிட்டது. ஒதுக்கீடு இல்லாமல் அதிகாரிகள் செலவுக்கு ஒப்புக்கொள்வதைத் தடுக்க 'ஆன்டிடெஃபிஷியன்சி' சட்டம் 19ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. ஆனாலும் 1970களில் ஒதுக்கீடு இல்லாமல் இடைவெளி விழுந்தபோதெல்லாம் அலுவலகங்கள் பூட்டப்படவில்லை. அநாவசியச் செலவைக் குறைத்துக்கொண்டு, எப்படியும் பணம் வந்துவிடும் என்று வேலை பார்த்தார்கள். 1980இல் அட்டர்னி ஜெனரலாக இருந்த பெஞ்சமின் சிவிலெட்டி எழுதிய கருத்துரை அதை மாற்றியது. சட்டத்தை எழுத்துக்கு எழுத்து படித்தால், பணம் இல்லாத துறை மூடிக்கொள்ளத்தான் வேண்டும் என்றார். அந்த வருடம் மே 1ஆம் தேதி ஃபெடரல் டிரேட் கமிஷன் ஒரு நாள் மூடப்பட்டது. உயிரையும் உடைமையையும் காக்கும் வேலைகள் மட்டும் நடக்கலாம் என்று 1981 ஜனவரியில் இன்னொரு கருத்துரையில் விளக்கினார். இன்றைக்கு நடக்கும் ஷட்டவுன் முழுக்க அந்த இரண்டு தாள்களில் பிறந்தது.

சித்தப்பாவுக்கு இது விளங்கவில்லை என்றால் அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நம் ஊரில் நிதி மசோதா தோற்றால் ஆட்சியே போய்விடும். தேர்தல் வருடத்தில் இடைக்கால பட்ஜெட் போட்டு, வோட் ஆன் அக்கவுண்ட் வாங்கி, சில மாதச் செலவுக்கு வழி செய்துகொள்வார்கள். பெரும்பான்மை இருக்கும் அரசுக்கு அது ஒரு சடங்கு. அமெரிக்காவில் அதிபருக்கும் நாடாளுமன்றத்துக்கும் தனித்தனிப் பதவிக்காலம். மசோதா தோற்றால் யாருடைய பதவியும் போகாது. ஆட்சி இருக்கும், அலுவலகம் மூடியிருக்கும்.

2018 டிசம்பர் 22 முதல் 2019 ஜனவரி 25 வரை 35 நாள் அப்படி மூடியிருந்தது. அத்தனைக்கும் செனட் ஒரு சி.ஆரைக் குரல் வாக்கிலேயே நிறைவேற்றியிருந்தது. எல்லைச் சுவருக்குப் பணம் இல்லாத மசோதாவில் கையெழுத்திட மாட்டேன் என்று டிரம்ப் சொன்னதும், பிரதிநிதிகள் சபை சுவருக்கு 570 கோடி டாலர் சேர்த்து வேறொன்றை அனுப்பியது. அது செனட்டில் நின்றுபோனது. ஏறக்குறைய 8 லட்சம் ஊழியர்கள் பாதிக்கப்பட்டார்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் சம்பளம் இல்லாமலே வேலைக்கு வந்தார்கள். விமான நிலைய சோதனையாளர்கள், விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள், சிறைக் காவலர்கள். ஷட்டவுன் நடந்துகொண்டிருக்கும்போதே, முடிந்ததும் எல்லா அரசு ஊழியர்களுக்கும் விட்டுப்போன சம்பளம் தரப்படும் என்று ஒரு சட்டம் வந்தது. இனி வரும் ஷட்டவுன்களுக்கும் அது பொருந்தும்.

அந்தச் சட்டத்தில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் இல்லை. எனக்கு முதலில் சேர்த்து வைத்த விடுப்பு போனது, பிறகு சம்பளம் போனது. வங்கியில் கொஞ்சம் இருந்தது, சமாளித்தேன். எங்கள் கட்டடத்தின் சிற்றுண்டிச் சாலையில் கல்லாவில் இருக்கும் எல் சால்வடோர்க்கார அம்மாவிடம் அந்த மாதிரி எதுவும் இருந்திருக்காது. திரும்பி வந்த முதல் வாரம், அரசு ஊழியர்கள் எல்லோருக்கும் நிலுவைச் சம்பளம் மொத்தமாக வந்திருந்தது. மதிய வரிசையில் ஒரே கலகலப்பு. நான் காசு கொடுக்கும்போது, "உங்களுக்கு ஏதாவது தந்தார்களா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார்.

"முப்பத்தஞ்சு நாளும் நீங்க எல்லாரும் வீட்டுலதானே சாப்பிட்டீங்க. இப்ப வந்து முப்பத்தஞ்சு சாப்பாட்டையும் சேர்த்து சாப்பிடவா போறீங்க?"

நாடாளுமன்ற பட்ஜெட் அலுவலகம் பிறகு ஒரு கணக்கு வெளியிட்டது. அந்த ஷட்டவுனால் பொருளாதாரத்துக்கு 1100 கோடி டாலர் அடி. அதில் 300 கோடி டாலர் திரும்பவே வராது. எப்படித் திரும்பவே வராமல் போகும் என்று யாராவது கேட்டால் எனக்கு அந்த அறிக்கை ஞாபகம் வருவதில்லை. சாப்பிடாத அந்த முப்பத்தைந்து சாப்பாடுதான் ஞாபகம் வரும்.

ஒரு சி.ஆர். எப்படி நகரும் என்பதை ஒரே நாளில் முழுசாகப் பார்க்க 2023 செப்டம்பர் 30 போல இன்னொரு நாள் வாய்க்காது. சனிக்கிழமை. வியாழனன்றே எங்கள் நிறுவனத்திலிருந்து 'வேலை நிறுத்த உத்தரவு வரலாம்' என்று மின்னஞ்சல் வந்திருந்தது. வீட்டில் சி-ஸ்பேன் சேனலைப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன்.

முதல் நாள் என்ன நடந்தது என்று சொல்ல வேண்டும். பிரதிநிதிகள் சபையில் குடியரசுக் கட்சிக்கு நூலிழைப் பெரும்பான்மை. சபாநாயகர் கெவின் மெக்கார்த்தி, செலவை வெட்டி எல்லைக் காவலைக் கூட்டும் ஒரு சி.ஆரைக் கொண்டுவந்தார். அவர் கட்சியிலேயே 21 பேர் எதிர்த்து வாக்களித்து 198க்கு 232 என்று தோற்கடித்தார்கள். தற்காலிக மசோதா எதுவாக இருந்தாலும் வேண்டாம் என்பது அவர்களில் பலருடைய கொள்கை. இன்னொரு பக்கம் செனட், தன்னுடைய சி.ஆரை நகர்த்திக்கொண்டிருந்தது. செலவு மசோதா பிரதிநிதிகள் சபையில்தான் பிறக்க வேண்டும் என்பது மரபு. அதனால் அந்தச் சபை ஏற்கனவே நிறைவேற்றி அனுப்பிய விமானப் போக்குவரத்து மசோதா ஒன்றை எடுத்து, உள்ளே இருந்ததை வழித்துவிட்டு, சி.ஆரை அடைப்பதாகத் திட்டம். பெயர்ப்பலகை பழசு, கடை புதுசு. அதில் உக்ரைனுக்கும் பணம் இருந்தது. ஆனால் செனட்டில் எதுவும் வேகமாக நடக்காது. விவாதத்தை முடிக்க 100 பேரில் 60 பேர் வேண்டும். முடிக்கலாம் என்று முடிவானாலும் 30 மணி நேரம் பேச இடம் உண்டு. எல்லோரும் சம்மதித்தால் அதைச் சுருக்கலாம். ஒருவர் 'மாட்டேன்' என்றால் கடிகாரம் முழுசாக ஓடும். கெடு முடிவதற்குள் அது வந்து சேராது என்று தெரிந்துவிட்டது.

சனிக்கிழமை காலை மெக்கார்த்தி வேறொரு மசோதாவை எடுத்துவந்தார். 71 பக்கம். பழைய வீதத்திலேயே 45 நாள், நவம்பர் 17 வரை. பேரிடர் நிவாரணத்துக்கு 1600 கோடி டாலர். வெட்டு இல்லை, எல்லைக் காவல் இல்லை, உக்ரைன் இல்லை. வழக்கமாக ஒரு மசோதா விதிகள் குழுவுக்குப் போய், எவ்வளவு நேரம் விவாதம், என்ன திருத்தம் என்று ஒரு 'விதி' வாங்கிவந்து, அந்த விதியைச் சபை தனியாக நிறைவேற்றி, பிறகுதான் மசோதாவுக்கு வர வேண்டும். விதியைத் தன் கட்சிக்காரர்களே தோற்கடிப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். அதனால் 'விதிகளை இடைநிறுத்தம்' என்ற குறுக்குவழியில் கொண்டுவந்தார். நாற்பது நிமிட விவாதம், திருத்தம் கிடையாது, ஆனால் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். ஆளும் கட்சியின் தயவில் நடக்காததை எதிர்க்கட்சியின் தயவில் நடத்தும் வழி அது.

எதிர்க்கட்சிக்குப் படிக்க நேரம் இல்லை. 71 பக்கத்தில் என்ன ஒளித்து வைத்திருக்கிறார்களோ என்ற பயம். அப்போது ஜனநாயகக் கட்சித் தலைவர் ஹகீம் ஜெஃப்ரீஸ் பேச எழுந்தார். கட்சித் தலைவர்களுக்கு ஒரு நிமிடம் என்பார்கள். மரபுப்படி அந்த ஒரு நிமிடத்துக்கு அளவு கிடையாது. ஐம்பது நிமிடத்துக்கு மேல் பேசினார். அவர் பேசப் பேச அவர் கட்சியின் உதவியாளர்கள் எங்கோ உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் படித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் கேனன் கட்டடத்தில் தீ எச்சரிக்கை மணி அடித்து, ஆட்களை வெளியேற்றினார்கள். இழுத்தவர் ஜமால் போமன் என்ற உறுப்பினர். கதவு திறக்கும் என்று நினைத்து இழுத்ததாகச் சொன்னார். அந்த நாளுக்கு அதுவும் பொருந்தித்தான் இருந்தது.

வாக்கெடுப்பில் 335 ஆதரவு, 91 எதிர்ப்பு. ஆதரித்தவர்களில் 209 பேர் ஜனநாயகக் கட்சியினர், 126 பேர் மட்டுமே மெக்கார்த்தியின் கட்சியினர். பொழுது சாய மசோதா செனட்டுக்குப் போனது. தன் மசோதாவைக் கைவிட்டு இதை எடுத்துக்கொள்ள செனட் தயார். ஆனால் உக்ரைனுக்கு உறுதிமொழி வேண்டும் என்று கொலராடோவின் மைக்கேல் பெனட் சில மணி நேரம் பிடித்து வைத்தார். தொலைக்காட்சியில் காலி நாற்காலிகளும், பெயர் வாசிக்கும் குரலும், சி-ஸ்பேனின் சங்கீதமும். இரவு ஒன்பது மணி வாக்கில் 88க்கு 9 என்று நிறைவேறியது. நள்ளிரவுக்குச் சற்று முன் பைடன் கையெழுத்திட்டார். திங்கட்கிழமை நான் வேலைக்குப் போனேன். சிற்றுண்டிச் சாலை திறந்திருந்தது.

நல்ல முடிவு என்று நினைக்கத் தோன்றும். மறுநாள் செவ்வாய், அக்டோபர் 3. ஜனவரியில் பதினைந்து சுற்று வாக்கெடுப்புக்குப் பிறகு மெக்கார்த்தி சபாநாயகர் ஆனபோது ஒரு சலுகை கொடுத்திருந்தார்: எந்த ஒரு உறுப்பினரும் தனியாகவே பதவிநீக்கத் தீர்மானம் கொண்டுவரலாம். மாட் கேட்ஸ் கொண்டுவந்தார். எதிர்க்கட்சியின் வாக்கில் மசோதாவை நிறைவேற்றியது துரோகம் என்பது குற்றச்சாட்டில் ஒன்று. எட்டுக் குடியரசுக் கட்சியினர் ஜனநாயகக் கட்சியினரோடு சேர, 216க்கு 210 என்று நாற்காலி காலியானது. அமெரிக்க வரலாற்றில் ஒரு சபாநாயகர் இப்படி வாக்கெடுப்பில் நீக்கப்பட்டது அதுவே முதல்முறை.

இதில் என்னைத் தொந்தரவு செய்தது மெக்கார்த்தியின் விதி இல்லை. அவருக்காக வருந்த எனக்குக் காரணமும் இல்லை. மசோதாவைத் தோற்கடித்தால் யாருக்கும் எதுவும் ஆகாது; நிறைவேற்றினால் பதவி போகும். இப்படி ஒரு பாடத்தை ஒரு நாடாளுமன்றம் தனக்குத் தானே கற்றுக்கொடுத்தால், அடுத்த முறை அந்த நாற்காலியில் உட்காருபவர் என்ன செய்வார்? மைக் ஜான்சன் அக்டோபர் 25இல் தேர்வாகும் வரை மூன்று வாரம் சபையில் சட்டம் எதுவும் நகரவில்லை. கஷ்டப்பட்டு வாங்கிய 45 நாளில் பாதி, வாங்கியவரைத் தண்டித்து வேறொருவரைத் தேடுவதிலேயே போய்விட்டது.

ஜான்சனும் அதே குறுக்குவழிக்குத்தான் வந்தார். நவம்பரில் 336க்கு 95. சில துறைகளுக்கு ஜனவரி 19, மற்றவற்றுக்குப் பிப்ரவரி 2 என்று இரண்டு படியில் கெடு. பிறகு ஜனவரியில் இன்னொன்று, மார்ச் 1க்கும் 8க்கும். பிறகு இன்னொன்று, மார்ச் 8க்கும் 22க்கும். 2024 நிதியாண்டின் கடைசி ஒதுக்கீட்டு மசோதா மார்ச் 23இல் சட்டமானபோது அந்த நிதியாண்டில் ஏறக்குறைய பாதி முடிந்திருந்தது. நான்கு சி.ஆர்.

சி.ஆரை எல்லோரும் 'தள்ளிப்போடுதல்' என்கிறார்கள். உள்ளே இருந்து பார்த்தால் அப்படித் தெரியவில்லை. போன வருடத்தில் நின்றுகொண்டே இந்த வருட வேலையைச் செய்வது எங்கள் அலுவலகத்தில் ஒரு பழக்கமாகிவிட்டது. புதுக் கருவி வாங்க முடியாது. புது ஆய்வு தொடங்க முடியாது. ஆறு மாதத்துக்கு ஆள் எடுக்கத் தயங்குவார்கள். மார்ச்சில் பணம் வந்ததும் செப்டம்பருக்குள் செலவழிக்க ஓடுவார்கள். "எங்க ஊர் மார்ச் மாசம் மாதிரி ஆயிடுச்சா?" என்றார் சித்தப்பா. எதையும் முடிவு செய்யாமல் இருப்பதும் ஒரு பட்ஜெட்தான். அதற்குப் பொறுப்பேற்க ஆள் இல்லை, அவ்வளவே.

2025இல் இன்னொரு பாடம். இந்த முறை பிரதிநிதிகள் சபை செப்டம்பர் 19ஆம் தேதியே 217க்கு 212 என்று ஒரு சி.ஆரை நிறைவேற்றிவிட்டு, ஊருக்குக் கிளம்பிவிட்டது. கெடு நவம்பர் 21. செனட்டில் அறுபது வாக்கு கிடைக்கவில்லை. வருடக் கடைசியில் காலாவதியாகும் மருத்துவக் காப்பீட்டு மானியத்தை நீட்டிக்க வேண்டும் என்று ஜனநாயகக் கட்சியினர் நின்றார்கள். ஒரு டஜனுக்கும் மேற்பட்ட தடவை அதே மசோதாவை வாக்கெடுப்புக்கு விட்டார்கள், தோற்றுக்கொண்டே இருந்தது. அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை 43 நாள். சுமார் 4.2 கோடிப் பேர் நம்பியிருக்கும் உணவு உதவி தடைப்பட்டது. 40 விமான நிலையங்களில் விமானங்களைக் குறைத்தார்கள். கடைசியில் எட்டுப் பேர் மாறி வாக்களிக்க, 60க்கு 40. அதற்குள் மசோதாவில் இருந்த நவம்பர் 21க்கு அர்த்தமே இல்லாமல் போயிருந்தது. தற்காலிக மசோதா ஒன்று, சட்டமாவதற்கு முன்பே கிழடு தட்டிவிட்டது. தேதியை 2026 ஜனவரி 30 என்று மாற்றி, அப்படி மாற்றியதால் மறுபடி பிரதிநிதிகள் சபைக்கு அனுப்பி, 222க்கு 209 என்று வாங்கினார்கள்.

அந்த இரவு மசோதாவை இறக்கிப் படித்தேன். நிலுவைச் சம்பளப் பகுதிக்குத்தான் முதலில் போனேன். ஷட்டவுன் காலத்தில் வேலையை விட்டு நீக்கப்பட்ட அரசு ஊழியர்களைத் திரும்பச் சேர்க்கவும், எல்லோருக்கும் சம்பளம் தரவும் வாசகம் இருந்தது. நல்ல வாசகம். துடைப்பவர்களும், காவல் நிற்பவர்களும், கல்லாவில் இருப்பவர்களும் அதில் வரவில்லை. குறைந்த கூலி ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கும் ஈடு தர வேண்டும் என்று மினசோட்டாவின் டினா ஸ்மித் 2019லேயே செனட்டில் ஒரு மசோதா கொண்டுவந்தார். அது சட்டமாகவில்லை.

ஒரே ஒரு பத்தி போதும். விதிவிலக்குப் பட்டியலில் கடைசியாக, வெள்ளக் காப்பீட்டுக்குக் கீழே எங்காவது சேர்த்தாலும் போதும். அடுத்த செப்டம்பரில் மசோதா வெளியானதும் அங்கேதான் முதலில் தேடுவேன்.